அடிக்கும் கணவனின் குரலில் கவிதை: படர்க்கைக்கு மாற்ற வேண்டாம்

மனைவியை அடிப்பவனின் குரலில் 'நான்' என்று எழுதியதை, வாசித்தவர்கள் உங்கள் வாக்குமூலமாகவே எடுத்துக்கொண்டார்கள் என்கிறீர்கள். தயவுசெய்து படர்க்கைக்கு மாற்றாதீர்கள். பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபியின் 'எஜுகேஷன் ஃபார் லெஷர்' கவிதைக்கும் இப்படி நடந்தது. கத்தியோடு தெருவில் இறங்கும் ஓர் ஆள் 'நான்' என்று பேசும் கவிதை அது. கத்திக்குத்துகள் பற்றிய அச்சத்தில் 2008இல் இங்கிலாந்தின் தேர்வு வாரியம் ஒன்று அதைப் பாடத்தொகுப்பிலிருந்து நீக்கியது. எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அதில் பேசும் ஆளுக்குத் தான் மேதை என்ற நினைப்பு. அதிகாரம் செல்லுபடியாவதோ ஓர் ஈயிடமும் தங்கமீனிடமும்தான், பூனைகூட ஒளிந்துகொள்கிறது. அந்த நினைப்புக்கும் நிஜத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் கவிஞர் நிற்கிறார்.

உங்கள் ஆளுக்கோ தன்னைப் பற்றி எல்லாமே தெரிந்திருக்கிறது, அந்த இடைவெளியே இல்லை. கடைசியில் அவன் கேட்கும் மன்னிப்பை வெட்டுங்கள். அவள் பயந்து வாய்மூடியிருப்பதை அவன் அடக்கம் என்று மெச்சட்டும். தலைப்பில் அவன் பெயரை வையுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.