கணக்கு குரூப் வேண்டாம் என்று முடிவெடுக்கும் முன்

பாலக்கோட்டிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு. பத்தாம் வகுப்புப் பையன் காலாண்டில் இருபடிச் சமன்பாட்டுக் கணக்குகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறான், அதனால் 11-ல் கணக்கு இல்லாத குரூப்பில் சேர்த்துவிடலாமா என்கிறீர்கள். இப்போதே முடிவெடுக்காதீர்கள். முதலில் அவன் விடைத்தாளை எடுத்து, எந்த வரியில் நின்றுபோனான் என்று பாருங்கள்.

இப்படி வரும் பிள்ளைகள் பலருக்குச் சூத்திரம் தலைகீழ்ப் பாடம். இடறுவது அதற்கு முந்தைய வரியில்தான், அதாவது எல்லா உறுப்புகளையும் இடப்பக்கம் கொண்டுவந்து ஏஎக்ஸ்² + பிஎக்ஸ் + சி = 0 என்ற திட்ட வடிவத்தில் எழுதும் இடத்தில். 3எக்ஸ்² = 7எக்ஸ் − 2 என்று கொடுத்தால், அவசரத்தில் அப்படியே பார்த்து ஏ 3, பி 7, சி −2 என்று எடுத்துக்கொள்கிறார்கள். தன்மைகாட்டி, அதான் பி² − 4ஏசி, 49 + 24 = 73 என்று வரும்; அதற்கு முழு எண்ணில் வர்க்கமூலம் கிடையாது, பிள்ளை பயந்து கணக்கையே அடித்துவிடும். ஒழுங்காக 3எக்ஸ்² − 7எக்ஸ் + 2 = 0 என்று எழுதினால் பி −7, சி 2. இப்போது 49 − 24 = 25, வர்க்கமூலம் 5, விடை 2, 1/3. குறி மாறியதுதான் கோளாறு, பையனின் மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை.

இன்னொன்று, ஏ பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பதையும் அவன் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். (எக்ஸ் + 2)² = எக்ஸ்² + 8 பார்வைக்கு இருபடி மாதிரி இருக்கும், விரித்து ஒரு பக்கம் கொண்டுவந்தால் எக்ஸ்² அடிபட்டு 4எக்ஸ் − 4 = 0 மட்டும் மிஞ்சும்; ஏ பூஜ்ஜியமானதால் அது இருபடியே இல்லை. எக்ஸ்² − 9 = 0 மாதிரி நடு உறுப்பு இல்லாவிட்டால் பி = 0, அவ்வளவுதான், அது இருபடிதான்.

உங்களுக்குக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை அம்மா. சாயங்காலம் உட்காரவைத்து, தீர்க்கச் சொல்லாமல், திட்ட வடிவத்தையும் ஏ, பி, சி-யைக் குறியோடும் மட்டும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் எழுத்துக் கணக்கு: மாந்தோப்பில் ஒரு செவ்வகத் துண்டு, நீளம் அகலத்தைவிட 5 மீட்டர் அதிகம், பரப்பு 150 சதுர மீட்டர் என்றால், அகலத்தை எக்ஸ் என்று வைத்து எக்ஸ்² + 5எக்ஸ் − 150 = 0. விடை 10, −15. அகலம் மைனஸில் இருக்க முடியாது, அதனால் 10.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வின் 200 கட் ஆஃப் மதிப்பெண்ணில் 100 கணக்குக்குத்தான். செட்டிக்கரையிலோ பர்கூரிலோ உள்ள அரசு பொறியியல் கல்லூரி அவன் மனதில் இருந்தால், கணக்கை விட்ட பிறகு அந்த வழி ரொம்பவே குறுகிவிடும். பாலிடெக்னிக் முடித்து ஓசூர் பக்கம் வேலைக்குப் போகலாம் என்றாலும் டிப்ளமோவிலும் கணக்கு உண்டு. அவனுக்கே வணிகவியலோ வேறு பாடமோ பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள், அது நல்ல முடிவு. பயத்தில் மட்டும் வேண்டாம். அரையாண்டு விடைத்தாள் வந்ததும் இதே கணக்குகளைப் பாருங்கள், கணக்கு ஆசிரியரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், குரூப் பேச்சை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.