மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய்?

இந்த முறை "எந்த எண்ணெய் நல்லது" என்று கேட்டவர்கள் பலர். "எவ்வளவு" என்று கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்கே முதல் பதில்.

கேள்வி: வீட்டில் நான்கு பேர். மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. அதிகமா?

அதிகம்தான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டருக்குப் பக்கத்தில் 910 கிராம் என்று போட்டிருக்கும். 5 லிட்டருக்கு 4550 கிராம். நான்கு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்குத் தினம் 38 கிராம் வருகிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஆக, எண்ணெயிலிருந்து மட்டும் 340 கலோரி. பாலும் தேங்காயும் கடை வடையும் இந்தக் கணக்கில் வரவில்லை. 3 லிட்டரில் நிறுத்தினால் ஆளுக்கு 23 கிராம். அது தாராளமாகப் போதும். பொரித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுகிறேன் என்றால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். (கொட்டுகிறவரை நான் இன்னும் பார்த்ததில்லை.)

கேள்வி: வயது 35, எடை 65 கிலோ, அலுவலக வேலை. எனக்கு எத்தனை கலோரி தேவை? என் தாத்தா வேளைக்கு ஒரு படிச் சோறு சாப்பிட்டும் ஒல்லியாகவே இருந்தாராம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பட்டியல்படி, உங்கள் எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்தால் நாளுக்கு 2110 கலோரி, கடுமையாக உழைத்தால் 3470. உட்கார்ந்து வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு 1660. தாத்தா ஏர் பிடித்தார், நீங்கள் மவுஸ் பிடிக்கிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். (அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ஒற்றை அறையில் தொடங்கியது.)

கேள்வி: மரச்செக்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினாலும் தவறில்லை என்கிறார் மாமியார்.

மணமும் ருசியும் செக்கில்தான், மறுக்கமாட்டேன். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். மாமியாரிடம் எண்ணெயைப் பற்றி வாதிட வேண்டாம். தூக்கை எடுத்து வைத்துவிட்டுத் தேக்கரண்டியைப் போடுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் எல்லாமே தேங்காய் எண்ணெய்தான். விட்டுவிட வேண்டுமா?

விட வேண்டாம், குறையுங்கள். அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல்லை உயர்த்துவது இந்த வகை. நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்குதான். அவியலுக்குத் தேங்காய் எண்ணெய் இல்லாமல் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மற்றத் தாளிப்புகளை நல்லெண்ணெய்க்கோ கடலை எண்ணெய்க்கோ மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று அச்சிட்ட எண்ணெய் விலை அதிகம். வாங்கலாமா?

கொலஸ்ட்ரால் விலங்கு உணவில் இருப்பது. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம். வழுக்கைத் தலையர் தமக்குப் பேன் இல்லை என்று பெருமைப்படுவது போன்ற விளம்பரம் அது.

கேள்வி: மூன்று மாதமாக இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்திதான். எடை குறையவில்லையே?

100 கிராம் அரிசிக்கும் 100 கிராம் கோதுமை மாவுக்கும் கலோரியில் பெரிய வேறுபாடு கிடையாது. சப்பாத்திக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவினால் 40 கலோரி; மூன்றுக்கு 120. சோற்றில் இல்லாத கணக்கு அது.

கேள்வி: எண்ணெயையே அடியோடு நிறுத்திவிட்டேன். சரிதானே?

வேண்டாம் அந்த வைராக்கியம். லினோலெயிக் அமிலம் போன்ற சில கொழுப்பு அமிலங்களை உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. ஏ, டி, இ, கே வைட்டமின்களும் கொழுப்போடு சேர்ந்தால்தான் நன்றாக உடலில் ஏறும். முருங்கைக்கீரையை ஒரு தேக்கரண்டி எண்ணெய்கூட இல்லாமல் வதக்கினால் அதிலுள்ள, உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் கரோட்டினில் பெரும்பகுதி வீண்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேத்திக்குப் பருப்புச் சாதத்தில் நெய் விடலாமா? மருமகள் அதே கரண்டியால் எனக்கும் விடுகிறாள்.

பேத்திக்குத் தாராளமாக விடலாம். வயிறோ சிறிது, வளர்ச்சியோ வேகம்; கொஞ்ச உணவில் நிறைய ஆற்றல் வேண்டும். தாய்ப்பாலின் கலோரியிலேயே ஏறத்தாழ பாதி கொழுப்பிலிருந்து வருவதுதான். உங்கள் தட்டுக்கு அந்தக் கரண்டி வரும்போது மட்டும் கையைக் குறுக்கே நீட்டுங்கள், ஐயா.