சாப்பாட்டுக்குக் கஷ்டப்படும் ஒருவருக்குத் தமிழ்நாட்டில் எங்கெல்லாம் உதவி கிடைக்கும்?

பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர் அரைவயிறாக நாளை ஓட்டுகிறார், ஏதாவது தொண்டு நிறுவனத்தின் எண் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எண் கொடுத்துவிட்டுப் போவது சுலபம். 2020 ஊரடங்கில் சுற்றிய எண் பட்டியலே இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அழைத்தால் பாதிக்கு மேல் எடுக்க ஆளில்லை. எடுத்தாலும் ஒரு பொட்டலம் வரும், மறுநாள் மறுபடியும் அதே பசி. இன்றைய சாப்பாடு ஒரு வேலை, மாதாமாதம் அடுப்பு எரிய வைப்பது இன்னொரு வேலை. முதலாவதை இன்றே முடியுங்கள். இரண்டாவதுக்கு அந்த அம்மாவின் ரேஷன் அட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். அரசுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். தமிழ்நாட்டில் பட்டினி கிடக்கிறவர்களில் பலர் திட்டம் இல்லாமல் கிடக்கவில்லை, காகிதத்தில் ஏதோ ஒரு ஓட்டை இருப்பதால் கிடக்கிறார்கள்.

இன்றைக்கு: சென்னை என்றால் அம்மா உணவகம். 2013இல் தொடங்கியது. காலை 7 முதல் 10 வரை இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் 12 முதல் 3 வரை சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சாயங்காலம் 6 மணிக்கு மேல் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களிலும் உண்டு, நோயாளியோடு வந்தவர்களுக்கு அதுதான் துணை. மதியம் இரண்டரைக்குப் போனால் எது மிச்சம் இருக்கிறதோ அதுதான் கிடைக்கும், ஒரு மணிக்குள் போய்விடுங்கள். மற்ற ஊர்களில் இரவு கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பல இடங்களில் காலையும் மதியமும்தான்.

அடுத்தது கோயில். இந்து சமய அறநிலையத் துறையின் அன்னதானத் திட்டம் 2002இல் வந்தது. நூற்றுக்கணக்கான கோயில்களில் மதியம் பந்தி உண்டு. எத்தனை பேருக்கு என்று கணக்கு வைத்து டோக்கன் கொடுப்பார்கள், ஆகவே பதினொன்றரைக்கே அங்கே இருக்க வேண்டும். ஸ்ரீரங்கம், பழனி, திருவண்ணாமலை, சமயபுரம், திருச்செந்தூர் போன்ற பெரிய கோயில்களில் நாள் முழுக்க நடக்கிறது. வடலூர் பக்கம் என்றால் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமச்சாலை இருக்கிறது, அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தெருவில் படுத்திருப்பவர் என்றால் சென்னையில் மாநகராட்சி எண் 1913க்கு அழைத்து வீடற்றோர் காப்பகம் கேளுங்கள், அங்கே படுக்கையோடு சாப்பாடும் உண்டு. கவனிப்பாரற்ற முதியவருக்கு 14567, குழந்தை என்றால் 1098.

இப்போது அட்டை. குடும்பத் தலைவரின் படத்துக்குக் கீழே ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். 'பிஹெச்ஹெச்' என்றால் முன்னுரிமை அட்டை. அதோடு 'ஏஏஒய்' என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா, அதாவது மிகவும் ஏழைகளுக்கான அட்டை, மாதம் 35 கிலோ அரிசி. முன்னால் 'என்' சேர்ந்து 'என்பிஹெச்ஹெச்' என்றிருந்தால் முன்னுரிமையில்லாத அட்டை. அதற்கும் அரிசி உண்டு, மற்ற பல மாநிலங்களில் இல்லாத வசதி இது. கடைசியில் 'எஸ்' இருந்தால் சர்க்கரை அட்டை, அரிசி வராது. 'என்சி' என்றால் ஒன்றும் வராது, அடையாளத்துக்கு மட்டும்.

தனியாள் என்றால் சாதாரண அரிசி அட்டையில் மாதம் 12 கிலோ. 2011 ஜூன் முதல் அரிசிக்குக் காசு கிடையாது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். தனியாளுக்கு 12 கிலோ போதும்தானே என்று தோன்றும். ஆனால் அந்த அம்மா ஆதரவற்ற விதவையாகவோ, மாற்றுத்திறனாளியாகவோ, தீராத நோயாளியாகவோ, 60 வயது தாண்டிப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவராகவோ இருந்தால் அந்தியோதயாவுக்குத் தகுதி உண்டு. வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். ஆதார் நகல், அட்டை நகல், கணவரின் இறப்புச் சான்று அல்லது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல் போதும். வாய்வார்த்தையாகக் கேட்டால் 'இப்போ கோட்டா இல்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். மனுவின் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளம்பாதீர்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் பொது விநியோகக் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்த்தல், நீக்கல், கைபேசி எண் மாற்றம் எல்லாம் அங்கேயே முடியும். அதிலும் நகரவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள்.

அட்டை இருந்தும் பொருள் வராமல் போவதற்கு வழக்கமாக மூன்று காரணங்கள்.

முதல் காரணம் விரல். பாத்திரம் தேய்த்த கை, பீடி சுற்றிய கை, சிமெண்ட் கலந்த கை என்றால் ரேகை தேய்ந்து, கருவி எடுக்காது. ஈரத்துணியால் விரலைத் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு விரல் விழும். கண் கருவிழிப் பதிவுக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக்கூடாது என்று அரசு உத்தரவே இருக்கிறது. கடைக்காரர் தெரியாதது போல இருந்தால் ரேஷன் புகார் எண் 1967க்கு அங்கேயே நின்று அழையுங்கள், முக்கால்வாசி நேரம் அழைப்பு போகும்போதே வேலை நடந்துவிடும்.

இரண்டாவது, பதிவான கைபேசி எண். அது பேரனின் பழைய சிம்மாக இருக்கும். ஓடிபி யாருக்கோ போகும். வாங்காத சர்க்கரை வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. எண்ணை மாற்றுவதற்கு ஐந்து நிமிட வேலைதான், யாரும் செய்வதில்லை.

மூன்றாவது, நடை. படியேற முடியாதவர், வரிசையில் நிற்க முடியாதவர். இதற்கு அங்கீகாரச் சான்று என்று ஒன்று உண்டு. அட்டைதாரர் தன் சார்பில் இன்னொருவரை நியமிக்கலாம், அதே கடையில் அட்டை வைத்திருப்பவராக இருந்தால் சிக்கல் குறைவு. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 65 வயது தாண்டியவர்களுக்கும் (தொடக்கத்தில் 70) மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதாமாதம் பொருள் வீட்டுக்கே வருகிறது. ஆனால் அட்டையில் இருக்கும் எல்லோருமே அந்த வகையாக இருக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்க்கும் மகன் பெயர் இன்னும் அட்டையில் இருந்தால் பட்டியலில் வராது. மகன் நிஜமாகவே தனிக்குடும்பம் என்றால் பெயரை நீக்கிக்கொள்ளச் சொல்லுங்கள், அவருக்கும் தனி அட்டை வாங்க அது தேவைப்படும்.

கடை திறப்பதும் ஒரு விஷயம். மாதத்தின் முதல் இரண்டு வெள்ளிக்கிழமை விடுமுறை, அந்த வாரங்களில் ஞாயிறு திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை ஆட்டோ வைத்து வந்து திரும்பும் முதியவர்கள் ஏராளம். பருப்பும் எண்ணெயும் மாத இறுதியில் தீர்ந்திருக்கும், முதல் இரண்டு வாரத்தில் வாங்கிவிடுங்கள். உப்பும் டீத்தூளும் சேர்த்து வாங்கினால்தான் பருப்பு என்று தள்ளிவிடுவார்கள். அவை கட்டாயம் கிடையாது. விற்பனை இலக்கு வைத்து அந்த ஊழியரின் கழுத்தைப் பிடிக்கும் மேலதிகாரியை ஒருவரும் கேட்பதில்லை, திட்டு மட்டும் கடையில் நிற்கிறவருக்கு. சரி, அது வேறு கதை.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. கொஞ்சம் மஞ்சளாக, மழமழவென்று, கழுவும்போது மிதக்கிற மணிகள் நூற்றுக்கு ஒன்று வீதம் இருக்கலாம். 'பிளாஸ்டிக் அரிசி' என்று முறத்தில் புடைத்துப் பொறுக்கி எறிகிறார்கள். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து பிசைந்து மறுபடி அரிசி வடிவில் எடுத்தவை. அவற்றை எறிய வேண்டாம். இரண்டு முறை அலசினால் போதும், தண்ணீர் தெளியும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டாம்.

அடுத்து, பலருக்கும் தெரியாத ஒன்று. முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய் என்பது தெரிந்திருக்கும். அதை வாங்குகிறவர் விரும்பினால் அருகிலுள்ள சத்துணவு அல்லது அங்கன்வாடி மையத்தில் மதியச் சாப்பாடும் வாங்கலாம். அங்கே சாப்பிடுகிறவருக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவருக்கு 4 கிலோ, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வேட்டி சேலை. ஓய்வூதியமே இல்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்குப் போகும். 'மகன் இருக்கிறான்' என்று ஒரு வரி எழுதித் தள்ளுபடி செய்வதுதான் அடிக்கடி நடப்பது. மகன் பணம் அனுப்புவதில்லை என்பதைப் பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்தோடு முதல் மனுவிலேயே எழுதிக் கொடுங்கள். தள்ளுபடியான பிறகு கோட்டாட்சியரிடம் போய் நிரூபிப்பதைவிட இது சுலபம்.

குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கணக்கே வேறு. ஆறு மாதம் முதல் அங்கன்வாடி, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சத்துமாவு. இதற்கு ரேஷன் அட்டை தேவையில்லை, மையப் பணியாளரிடம் பெயர் பதிந்தால் போதும். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு, 2022 செப்டம்பரில் தொடங்கி 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. பத்தாம் வகுப்பு வரை மதியம் சத்துணவு. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடும், மே மாதம் இரண்டுமே நின்றுவிடும். யாருக்காவது மளிகை வாங்கிக் கொடுக்க நினைத்தால் மே மாதத்தில் கொடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலமும், அதைக் கையில் திணித்து எடுக்கும் படமும் பிறந்தநாளிலும் அமாவாசையிலும்தான் குவிகின்றன. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒருவரையும் காணோம்.

வடமாநிலத் தொழிலாளர் குடும்பம் என்றால் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை. 2020 அக்டோபர் முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. பீகார் அட்டையோ ஒடிசா அட்டையோ, முன்னுரிமை வகையாக இருந்து ஆதாரும் இணைந்திருந்தால், ஆதார் எண் சொல்லி நம் கடையில் தானியம் வாங்கலாம். நமது பருப்பும் பாமாயிலும் கிடைக்காது. அவர் பங்கை இங்கே எடுத்தாலும் ஊரில் இருக்கும் குடும்பம் மிச்சப் பங்கை அங்கே எடுக்கலாம். ஆனால் இங்கே ஒருவர் மொத்தத்தையும் எடுத்துவிட்டால் அந்த மாதம் அங்கே ஒன்றும் இருக்காது, எத்தனை கிலோ என்று முதலிலேயே வீட்டாரோடு பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். கேஒய்சி என்னும் அடையாளச் சரிபார்ப்பை முடிக்காமல் பெயர் நிறுத்தப்பட்டிருந்தால் அதையும் இங்கேயே விரல் வைத்து முடிக்கலாம், ஊருக்கு ரயில் ஏற வேண்டாம்.

கடைசியாக, அந்த அம்மாவின் வீட்டில் அரிசி டப்பாவைத் திறந்து பாருங்கள். அரிசி இருந்தும் சமைக்காமல் இருக்கலாம், எரிவாயு இல்லாததால். 14.2 கிலோ சிலிண்டருக்கு மொத்தமாகக் கொடுக்கப் பணமில்லை, இணைப்புக்கு முகவரிச் சான்று இல்லை. இண்டேனில் 'சோட்டு' என்று 5 கிலோ சிலிண்டர் உண்டு, அடையாளச் சான்று மட்டும் காட்டினால் போதும், முகவரி கேட்க மாட்டார்கள். முதல் முறைதான் சிலிண்டருக்கும் சேர்த்துப் பணம், பிறகு எரிவாயுவுக்கு மட்டும். தனியாளுக்கு ஒரு வேளை சமையல் என்றால் ஒரு மாதத்துக்கு மேல் வரும். நீங்கள் கையிலிருந்து செலவு செய்வதாக இருந்தால் அரிசி மூட்டை வேண்டாம். இதையும், ஒரு லிட்டர் எண்ணெயும், அரை கிலோ பருப்பும், புளி மிளகாயும் வாங்கிக் கொடுங்கள்.