மணாலி–லே பைக் பயணத்தில் கேனில் பெட்ரோல் எடுத்துச் செல்லலாமா? எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி கேட்டவர் சொன்ன விவரம் இது: 350 சிசி பைக், 13 லிட்டர் டேங்க், பின்னால் மனைவி, ஜூலையில் சண்டிகரில் இருந்து புறப்பாடு. 10 லிட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றும் வாங்கிவிட்டார், அதை அங்கேயே நிரப்பிக்கொண்டு கிளம்பலாமா என்கிறார். நான் அந்தச் சாலையில் இரண்டு முறை பைக்கிலும் ஒரு முறை நண்பர்களோடு ஜீப்பிலும் போயிருக்கிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 10 லிட்டர் தேவையில்லை. பிளாஸ்டிக் கேன் வேண்டவே வேண்டாம். சண்டிகரில் நிரப்பாதீர்கள். 5 லிட்டர் இரும்பு கேன் ஒன்றைத் தாந்தியில் நிரப்பி, வழியில் டென்ட் போட்டுத் தங்கும் இடமான சர்ச்சு போனதும் டேங்கில் ஊற்றிவிடுங்கள். கேனில் பெட்ரோல் இருக்கும் தூரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, கீழே சொல்லப்போவது எல்லாம் அதற்காகத்தான்.

கணக்கைப் பாருங்கள். மணாலிக்கு அப்பால் அடல் சுரங்கம் தாண்டி, சந்திரா, பாகா என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கிறது தாந்தி. அங்கே பங்க்கில் "அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்" என்று ஒரு பலகை உண்டு, போகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அது லே வரைக்குமான தூரம். லேக்கு 35 கிலோமீட்டர் முன்னாலேயே காருவில் பங்க் வந்துவிடும், ஆகவே நீங்கள் தாண்ட வேண்டியது 330. சமவெளியில் லிட்டருக்கு 35 கிலோமீட்டர் தரும் வண்டி, இரண்டு பேரும் மூட்டையும் ஏற்றமும் சேர்ந்தால் 25க்கு இறங்கலாம். 13ஐ 25ஆல் பெருக்கினால் 325. கொஞ்சம்தான் குறைகிறது, 5 லிட்டர் இருந்தால் நிம்மதியாகப் போய்விடலாம், பனியோ மண்சரிவோ வழியை அடைத்துப் பாதியில் திரும்ப நேர்ந்தாலும் சமாளிக்கலாம். 15, 17 லிட்டர் டேங்க் உள்ள வண்டிக்காரர்கள் வேறு எங்கும் சுற்றாமல் நேராக லே போவதாக இருந்தால் கேனே இல்லாமல் போகலாம். பயத்தில் 10 லிட்டர், 20 லிட்டர் என்று கட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிளாஸ்டிக்கை ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், முதல் பயணத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவன் சண்டிகரில் சமையல் எண்ணெய் வந்த வெள்ளை கேன் ஒன்றில் பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பி, சேடில் பேக்குக்கு மேல் எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். பாராலாச்சா கணவாயில் இறங்கிப் பார்த்தால் கேன் ஃபுட்பால் மாதிரி உப்பி நிற்கிறது. கயிறு அதன் மேல் பதிந்து வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. "காத்தைக் கொஞ்சம் எடுத்துவிடலாம்" என்று அவன் மூடியைத் திருகினான். அரைச் சுற்றுதான், பெட்ரோல் பீய்ச்சி அடித்து அவன் நெஞ்சு, கை, கையுறை எல்லாம் நனைந்து, சைலன்சர் மேலும் ஒழுகியது. நாங்கள் அரை மணி நேரமாகப் படம் எடுத்துக்கொண்டு நின்றிருந்ததால் சைலன்சர் ஆறியிருந்தது. அது மட்டும்தான் அன்று அவனைக் காப்பாற்றியது. பெட்ரோல் தோலில் பட்டு ஆவியாகும்போது அந்தக் குளிர்காற்றில் கை விறைத்து எரிகிறது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறான், ஆனால் அடுத்து வந்த டாபா டென்ட்டுக்குள் அவனை நுழையவிட முடியவில்லை. உள்ளே அடுப்பு எரிகிறது. வெளியே காற்றில் நின்று ஒவ்வொரு துணியாகக் கழற்றி மாற்றினான். 4,000 மீட்டருக்கு மேல், நடுங்கிக்கொண்டே. இன்றைக்கும் அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

காரணம் எளிது. மலையில் சிப்ஸ் பாக்கெட் பலூன் போல் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். சண்டிகர் கடல்மட்டத்தில் இருந்து 300 மீட்டர் சொச்சம், பாராலாச்சா ஏறத்தாழ 4,900 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல். கீழே அடைத்த காற்று வெளியே வரத் துடிக்கும், அதோடு பெட்ரோலின் சொந்த ஆவியும் சேர்ந்துகொள்ளும். தாந்தி 2,500 மீட்டருக்கு மேலேயே இருப்பதால் அங்கே நிரப்பினால் இந்த வித்தியாசம் பெருமளவு குறைந்துவிடும். அப்புறம் வெயில். பெட்ரோல் 10 டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் விரியும். ஆகவே 5 லிட்டர் கேனில் நாலரை லிட்டர் போதும், மேலே காற்றுக்கு இடம் இருக்கட்டும்.

இரும்பு ஜெர்ரி கேன் என்பது 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைத்தது. ஜெர்மானியரை பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஜெர்ரி என்று அழைத்ததால் வந்த பெயர். பக்கவாட்டில் பெருக்கல் குறி போல் அழுத்தியிருக்கும் பள்ளம் அழகுக்கு இல்லை, உள்ளே அழுத்தம் ஏறினால் தகடு விரிந்துகொடுக்க உதவுகிறது. வாங்கும்போது மூடியின் ரப்பர் வாஷரை விரலால் தடவிப் பாருங்கள், வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். வீட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு இரவு கவிழ்த்து வையுங்கள், ஒரு சொட்டுகூட வரக்கூடாது. பிறகு நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தோடு பெட்ரோல் நிரப்பாதீர்கள். சட்டமும் இரும்பின் பக்கம்தான். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாத்திரம் கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகமாக இருக்க வேண்டும், உலோகக் கேன் 25 லிட்டரைத் தாண்டக்கூடாது.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி பையில் செருகுவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். இருட்டில், தாகத்தில், தலைவலியோடு படுத்திருக்கும் ஒருவர் கைக்கு அது எட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நிரப்பும்போது கேனை வண்டியில் இருந்து கழற்றித் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி இருக்க நிரப்பச் சொல்லுங்கள். கட்டும் இடம் முக்கியம். உங்கள் பைக்கில் சைலன்சர் வலப்பக்கம் என்றால் கேன் இடப்பக்கம், சேடில் பேக் மாட்டும் கம்பியில், முடிந்தவரை தாழ்வாக. முன்னால் கிராஷ் கார்டில் மாட்டுகிறார்கள், வண்டி சாய்ந்தால் முதலில் அடி வாங்குவது அதுதான். எலாஸ்டிக் கயிறு குலுக்கலில் இளகிவிடும், கொக்கி இல்லாத பட்டை பெல்ட் இரண்டு போட்டு இறுக்குங்கள். கேனுக்கும் கம்பிக்கும் நடுவில் பழைய டியூப்பை வெட்டி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே நாள் குலுக்கலில் பெயின்ட் போய்த் தகடு தேய ஆரம்பிக்கும். பாராலாச்சாவுக்கு முன்னால் வரும் ஜிங்ஜிங்பாரில் டீக்கு நிற்கும்போது, எஞ்சின் ஆறிய பிறகு, முகத்தை விலக்கிக்கொண்டு மூடியை மெல்லத் தளர்த்தி ஒருமுறை காற்றை வெளியேற்றிவிடுங்கள்.

தாந்தியில் இருந்து சர்ச்சு 115 கிலோமீட்டர். அதற்குள் டேங்கில் நாலரை லிட்டருக்கு இடம் வந்திருக்கும். கேனில் உள்ளதை அங்கேயே ஊற்றிவிட்டால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளையும், லாச்சுலுங் லா, தங்லாங் லா என்ற 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்களையும் பெட்ரோல் கேன் இல்லாமல் கடக்கலாம். ஊற்றுவதற்கு முன் எஞ்சினை இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள், டென்ட்டுகளில் இருந்து தள்ளி நில்லுங்கள். ஒன்று கவனியுங்கள்: அங்கே காற்று அவ்வளவு வறட்சி, இரவில் ஃபிளீஸ் சட்டையைக் கழற்றினால் பொறி பறப்பது கண்ணுக்கே தெரியும். அதே பொறி பெட்ரோல் ஆவிக்கும் போதும். கையுறையைக் கழற்றி, வெறும் கையால் பைக்கின் இரும்பைத் தொட்டுவிட்டு மூடியைத் திறங்கள். புனல் கொண்டுபோங்கள். டியூப் போட்டு வாயால் உறிஞ்சவே கூடாது, பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் அந்த உயரத்தில் பக்கத்தில் ஆஸ்பத்திரி இல்லை.

காலியான கேனையும் இறுக மூடியே வையுங்கள், உள்ளே ஆவி நிறைய இருக்கும். இரவில் டென்ட்டுக்குள்ளோ அறைக்குள்ளோ வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து போகும். நீங்கள் படுத்திருப்பதும் தரையில், அடுப்பு இருப்பதும் தரையில்.

ஜீப்பில் போகிறவர்களுக்கும் இதேதான், பயணிகள் உட்காரும் இடத்தில் கேன் கூடாது. 20 லிட்டர் கேன் நிரம்பினால் 19 கிலோ வரும், அதைக் கூரையில் ஏற்றினால் சரிவில் வண்டி சாயப் பார்க்கும். பின் கதவில் மாட்டினால் கீல் தாங்குகிறதா என்று தினமும் காலையில் பாருங்கள். டீசல் அவ்வளவு எளிதில் பற்றாது, ஆனால் அக்டோபருக்குப் பிறகு சமவெளி டீசலைக் கேனில் கொண்டுபோனால் குளிரில் கெட்டிப்பட்டுவிடும். 2019 நவம்பரில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை இளகி இருக்கும் குளிர்கால டீசல் வந்தது, அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

லேயில் இருந்து ஹன்லே, உம்லிங் லா போகும் எண்ணம் இருந்தால் கணக்கு வேறு. ஹன்லே கிராமமே லேயில் இருந்து 250 கிலோமீட்டர், அதற்கும் அப்பால் இருக்கும் உம்லிங் லா கணவாய் 5,798 மீட்டர் உயரம். நடுவில் பங்க் இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். அப்போது 5 லிட்டரில் இன்னொரு கேன் சேர்க்கலாம், ஒரே 10 லிட்டர் கேன் வேண்டாம். டேங்கில் இடம் வந்ததும் ஒன்றை முழுசாக ஊற்றிவிடலாம்.

திரும்பும்போது பைக்கை ரயிலில் பார்சல் போடுவதாக இருந்தால் டேங்கைச் சுத்தமாகக் காலி செய்ய வேண்டும். வடித்த பெட்ரோலைக் கேனில் பிடித்து ரயில் பெட்டிக்குள் எடுத்துப் போகாதீர்கள், ரயில்வே சட்டம் 164ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கேனையும் ரயிலில் ஏற்றாதீர்கள். லேயிலோ மணாலியிலோ மேலே ஏறப்போகும் வேறொரு பைக்காரர் கண்ணில் படுவார், அவரிடம் கொடுத்துவிட்டு, வாஷர் புதிது என்றும் சொல்லிவிடுங்கள்.