டேங்க் மூடி: கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் பைக், கார், டிராக்டர் மூன்றையும் பழுது பார்க்கிறவன் நான். பெட்ரோல், டீசல் டேங்க்கின் மூடியைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

திருவாரூரிலிருந்து: அண்ணே, என் பழைய பைக் ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் திணறி நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்துத் தானே கிளம்புகிறது. பிளக்கை மாற்றியும் பயனில்லை.

டேங்க்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, காலியான இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். பழைய பைக்குகளில் அதற்கான வழி மூடியிலேயே ஊசித்துளையாக இருக்கிறது. தை மாதத்து அறுவடையில் பறக்கும் வைக்கோல் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிட்டால், டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். நிறுத்தி வைக்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் வண்டி மறுபடி கிளம்புகிறது. அடுத்த முறை நின்றவுடனே மூடியைத் திறந்து பாருங்கள். "ஸ்ஸ்" என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால் குற்றம் மூடியில்தான். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் வழி திறக்காவிட்டால் புதிய மூடி வாங்குங்கள். மூடியைத் தளர்வாக விட்டு ஓட்டிச் சமாளிக்க வேண்டாம்.

கும்பகோணத்திலிருந்து: பெட்ரோல் போட்ட மறுநாள் காரில் என்ஜின் விளக்கு எரிகிறது. மூடி காரணமாக இருக்குமா?

இருக்கலாம். பெட்ரோல் ஆவி வெளியே கசிகிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும் கார்களில், மூடி சரியாக இறுகாவிட்டாலும் அந்த விளக்கு எரியும். ஸ்கேன் செய்தால் பி 0455 அல்லது பி 0457 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டும். எல்லா கார்களிலும் இந்தச் சோதனை இல்லை. மூடியை "டிக் டிக்" என்று கேட்கும்வரை திருகிவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். விளக்கு உடனே அணையாது. பிறகும் எரிந்தால், டேங்க் வாயின் கழுத்துக்கும் மூடியின் ரப்பர் வளையத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் காகிதம் பிடிபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வரும் பக்கத்தில் ரப்பர் தேய்ந்திருக்கிறது.

நீடாமங்கலத்திலிருந்து: டிராக்டர் மூடி வயலில் விழுந்து தொலைந்துவிட்டது. பாலித்தீன் பையைக் கட்டி ஓட்டுகிறேன். ஒரு வாரம் தாங்குமா?

ஒரு நாள்கூட வேண்டாம். இறுக்கிக் கட்டினால் காற்று போகாது. தளர்த்திக் கட்டினால் தூசியும் மழையும் போகும். பம்பின் உள்பாகங்களுக்கு மசகு எண்ணெயாகவும் டீசலே இருப்பதால், தண்ணீர் கலந்த டீசல் பம்பையும் இன்ஜெக்டரையும் அரித்துவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் மூடியின் விலை ஒன்றுமே இல்லை. டிராக்டரின் மாடலைச் சொல்லி, கழுத்தின் அளவையும் எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: ஐப்பசி மழையில் நனைந்த மறுநாள் பைக் நின்றது. டேங்க்கை இறக்கி பாட்டிலில் பிடித்தால் அடியில் அரை லிட்டர் தண்ணீர். மூடி வழியாக இவ்வளவு போகுமா? பங்க்கில் ஏமாற்றியிருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்த அரை லிட்டரும் தண்ணீர் அல்ல. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் இருக்கிறது. அதாவது 5 லிட்டரில் 1 லிட்டர். சிறிதளவு தண்ணீரை எத்தனால் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கும். அதனால்தான் கொஞ்சம் தண்ணீர் புகுந்தாலும் பாட்டிலில் அது பல மடங்காகத் தெரிகிறது.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு வடிகால் துளையும், அதிலிருந்து கீழே இறங்கும் மெல்லிய குழாயும் இருக்கின்றனவா என்று பாருங்கள். போன மழைக்காலத்தில் ஒரு பைக்கின் அந்தக் குழாயை உருவியபோது, குளவி கட்டிய மண்கூடு விரற்கடை நீளத்துக்கு உருண்டையாக வந்து விழுந்தது. வடிகால் அடைத்தால் மழைநீர் மூடியைச் சுற்றித் தேங்கி, தேய்ந்த ரப்பர் வழியாக உள்ளே இறங்கும்.

அதே வாசகர்: அப்படியானால் பங்க்காரர்கள்மேல் தப்பே இல்லை என்கிறீர்களா?

மயிலாடுதுறையிலிருந்து: எங்கள் தெருவில் மூன்று வண்டிகள் ஒரே பங்க்கில் போட்டு ஒரே நாளில் நின்றன. மூன்று மூடியும் ஒன்றாகவா கெட்டுப்போகும்?

மயிலாடுதுறைக்காரர் சொல்வது சரி. பல வண்டிகள் ஒரே பங்க்கில் போட்டு ஒரே நாளில் நின்றால் பங்க்கின் நிலத்தடி டேங்க்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெள்ளக்காலத்தில் அதற்குள்ளும் நீர் புகும். தண்ணீர் காட்டும் பசையை அளவுகோலில் தடவி இறக்கிக் காட்டும்படி அங்கே கேளுங்கள். ரசீதை வைத்துக்கொண்டு எண்ணெய் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ஆனால் நாகப்பட்டினத்து நண்பரே, உங்கள் வண்டி மட்டும், அதுவும் நனைந்த மறுநாள் நின்றிருக்கிறது. பங்க்கோடு சண்டைக்குப் போகுமுன் வடிகால் துளையில் ஒரு குவளைத் தண்ணீரை விட்டு, அது கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். மூடி பூட்டியிருக்கும்போதே இதைச் செய்யுங்கள்.

பாபநாசத்திலிருந்து: மூடியின் ரப்பர் கிழிந்துவிட்டது. பாலித்தீன் தாளை மடித்து வைக்கலாமா?

வேண்டாம். மேலே நீடாமங்கலத்துக்கு எழுதியதைப் படியுங்கள். சைக்கிள் டியூபை வெட்டி வைப்பதும் கூடாது. அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். வளையம் தனியாகக் கிடைத்தால் அதை மாற்றுங்கள், கிடைக்காவிட்டால் மூடியை மாற்றுங்கள்.

பேராவூரணியிலிருந்து: புதிய மூடி வரும்வரை துணியோ பாலித்தீனோ...

கூடாது. மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: வண்டியை நிறுத்தி வையுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: பெட்ரோல் முள் தவறாகக் காட்டுகிறது.

அது மூடியின் வேலை அல்ல. எலக்ட்ரீஷியனிடம் காட்டி, டேங்க்குக்குள் இருக்கும் மிதவையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து: உப்பளத்துக்குத் தினமும் பைக்கில் போகிறேன். மூடியின் பூட்டு துருப்பிடித்துச் சாவி திரும்பவில்லை.

சாவியை முறுக்காதீர்கள், உள்ளே உடைந்தால் பூட்டையே தோண்டி எடுக்க வேண்டிவரும். சாவித் துளையில் மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கால் மணி நேரம் கழித்துச் சாவியை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். எண்ணெய் ரப்பரில் படவேண்டாம். திறந்த பிறகு கீலையும் விளிம்பையும் நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உப்பளத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு மாலையும் அப்படித் துடையுங்கள்.