புயலுக்குப் பிறகு பல சபைகளுக்கு நிவாரணம் அனுப்புவதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

உங்கள் சேகரத்தில், அதாவது பல ஊர்ச் சபைகள் சேர்ந்த உங்கள் திருச்சபைப் பிரிவில், ஒரு லாரி அளவுக்குப் பொருள் சேர்ந்துவிட்டது, பாதிக்கப்பட்ட சபைகளோ பத்துப் பன்னிரண்டு ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன, யாருக்கு எதை எப்படிக் கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். லாரியை இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள். முதலில் பட்டியல் எழுதுங்கள். அதையும் அந்தந்த ஊரில் உட்கார்ந்து எழுதுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு சேகரத்தின் பொருளாளர். நான்காம் நாள் ஒரு வேன் நிறைய அரிசி, பாய், போர்வை ஏற்றிக்கொண்டு பேராவூரணிக்குத் தெற்கே போனோம். வழியெல்லாம் தென்னந்தோப்புகள் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. மெயின் ரோட்டை ஒட்டிய ஊர்களில் வண்டி வண்டியாகப் பொருள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்த எங்கள் சபைக்கு அதுவரை ஒருவரும் வந்திருக்கவில்லை.

கையில் 62 குடும்பங்களின் பட்டியல் வைத்திருந்தோம். சபையின் சந்தாப் புத்தகத்தைப் பார்த்து, போனிலேயே கேட்டு எழுதியது. ஊர்ச் சபையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான உபதேசியார் பெயர் வாசிக்க, வாலிபர் சங்கப் பிள்ளைகள் மூட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் முடிகிற நேரத்தில் ஒரு அம்மா கோயில் திண்ணையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டேன். "எம் பேரு நோட்டுல இல்லையாம் தம்பி. ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்கு வர்றேனே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கணவர் இறந்தபின் அவரால் சந்தா கட்ட முடியவில்லை; இரண்டு வருடம் பாக்கி விழுந்ததும் புதுப் புத்தகத்தில் பெயர் ஏறவில்லை. அவர் வீட்டுக் கூரை முழுதாகப் போயிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவரைப் போல இன்னும் 18 குடும்பங்கள் வந்தன. யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ அவர்களெல்லாம் எங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் அன்றாடப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப் போனதால்தான் ஏழு பேரைத் தெரிந்துகொண்டார்கள். எத்தனையோ முறை பிரசங்கத்தில் கேட்ட பகுதி. அந்தத் திண்ணையில்தான் எனக்கு அது விளங்கியது.

மறுநாள் முதலிலிருந்து தொடங்கினோம். உபதேசியார், பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு அக்கா, அந்த ஊர் அங்கன்வாடி டீச்சர் ஆகிய மூன்று பேரும் தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தார்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை, யார் நிறைமாதம் என்பதெல்லாம் அங்கன்வாடி டீச்சருக்கு மனப்பாடம். வீட்டில் எத்தனை பேர், கூரை இருக்கிறதா, தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் உண்டா, ஏற்கெனவே என்ன கிடைத்தது என்று கேட்டு எழுதினார்கள். என்ன மதம் என்று கேட்கவில்லை. டெல்டாவில் எங்கள் சபைகள் பல, காலனித் தெருக்களில் இருக்கின்றன. அடுத்தடுத்த வீட்டில் அண்ணன் கோயிலுக்கு வருவார், தம்பி வரமாட்டார். ஒரே காற்றுதான் இரண்டு கூரையையும் பிடுங்கியது. ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டைத் தாண்டிப் போனால், நாம் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தத் தெருவில் வாழப்போகிறவர்கள் அவர்கள்தானே?

இன்னொன்றும் கவனியுங்கள். பலருக்குச் சபையில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வேறு பெயர். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர்களாகிவிட்ட தலித் மக்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. பல குடும்பங்கள் பழைய பெயரிலேயே சான்றிதழ் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். பட்டியலில் இரண்டு பெயரையும் எழுதாவிட்டால் அரசுக் கணக்கோடு ஒப்பிடும்போது குழப்பம் வரும். பேனர் பிடித்து, அரிசிப் பையோடு நிற்க வைத்து, பெயரோடு படம் எடுத்து வாட்ஸப்பில் போடாதீர்கள். உங்களுக்கு அது ஒரு நாள் சாட்சி. அந்தக் குடும்பத்துக்கு எந்த அலுவலகத்தில் எப்போது வினையாக வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது.

நல்ல பட்டியல் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒக்கியைச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எந்தப் படகில் யார் போனார், யார் இன்னும் திரும்பவில்லை என்ற கணக்கைப் பங்குக் கோயில்கள் வீடு வீடாகக் கேட்டுத் திரட்டின. அரசு சொன்ன எண்ணிக்கையும் பங்குகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாதபோது, ஜனங்கள் தெருவுக்கு வந்து கேட்பதற்கு அந்தப் பெயர்கள்தான் கையில் இருந்தன.

இனி பொருள். பழைய துணி வேண்டாம் என்று இன்றைக்கே அறிவித்துவிடுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் துணி மலைமலையாகக் குவிந்து மட்கியதைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. நல்ல மனதோடு கொடுத்த துணிதான். ஆனால் கடலில் எல்லாவற்றையும் இழந்து நிற்பவரைக் குப்பையைக் கிளறி எடுக்க வைப்பது எப்பேர்ப்பட்ட அவமானம். தார்ப்பாய் கனமானதாக, ஓரத்தில் வளையம் வைத்ததாக வாங்குங்கள். கூடவே நைலான் கயிறும் கொடுங்கள். நாங்கள் கயிற்றை மறந்தோம். இரண்டாம் நாள் மழையில் பாதி வீடுகளில் தார்ப்பாய் படபடவென்று அடித்துக் கிழிந்துவிட்டது. கரண்ட் கம்பங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்திருந்ததால் பல ஊர்களில் வாரக்கணக்கில் இருட்டு. அரிசியைவிட அங்கே பெரிய உதவியாக இருந்தது வாடகை ஜெனரேட்டர்தான். காலையில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும், மத்தியானம் கோயிலுக்குள் இருபது முப்பது செல்போன் சார்ஜ் ஆகும். நாப்கினைப் பெண்கள் சங்கத்தார் கையில் கொடுத்துவிடுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிஷப்பின் திருமண்டல அலுவலகம், பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு, பெந்தெகொஸ்தே சபை எல்லாரிடமும் தினமும் ராத்திரி ஒரு போன் பேசி, நாளை யார் எந்த ஊர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு ஒரே ஊருக்கு இரண்டு வண்டி போவது நின்றது.

பணத்தில் கண்டிப்பாக இருங்கள். காணிக்கைக் கணக்கோடு கலக்காமல் தனி ரசீதுப் புத்தகம், இரண்டு பேர் கையெழுத்து. பவுல் எருசலேமுக்கான காணிக்கையைத் தனியாளாகக் கொண்டுபோகாமல், யாரும் குறை சொல்ல இடம் வைக்காதபடி சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் சேர்த்து அனுப்பினார், 2 கொரிந்தியர் 8இல் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து பணம் வருமானால் முதலில் ஆடிட்டரைக் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், அதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பதிவுள்ள ஒரு நிறுவனம் அப்படி வாங்கிய பணத்தை உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது.

சேர்ந்த பணம் முழுவதையும் முதல் மாதத்திலேயே செலவழித்துவிடாதீர்கள், இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். லாரிகள் வருவது நின்ற பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் அறிவித்தது. வெட்டி அப்புறப்படுத்தும் கூலியும் அதற்குள் அடக்கம். புதிதாக நட்ட கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். பட்டா இல்லாமல் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்களும், குத்தகைக்குப் பயிர் செய்தவர்களும், தோப்பில் தேங்காய் உரித்துப் பிழைத்தவர்களும் எந்தக் கணக்கிலும் சரியாக வரவில்லை. அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும், கிராம நிர்வாக அலுவலரின் பட்டியலில் விடுபட்டவர்களைக் காட்டவும் எங்கள் தெருப் பட்டியல்தான் உதவியது. மீதி வைத்திருந்த பணத்தில் ஜூன் மாதம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு கொடுத்தோம்.

ஆகவே இன்று ராத்திரியே ஒவ்வொரு ஊர் உபதேசியாருக்கும் போன் போடுங்கள். சந்தாப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, நாளைக் காலையில் தெருவின் கடைசி வீட்டிலிருந்து நடக்கச் சொல்லுங்கள்.