தேதி எழுதிய பாட்டில்களை ஏன் கொட்டினீர்கள்?

கேள்வி: அன்புள்ள அம்மா, கோவையில் ஒரு ஃபவுண்டரியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் 1/10 அளவு ரிமோட் கார் ஓட்டுவது என் ஒரே பொழுதுபோக்கு. ஓட்டிவிட்டு வந்ததும், சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் நான்கு ஷாக்கிலும் ஆயிலை வடித்துப் புதிது ஊற்றிவிடுவேன். 60 மில்லி பாட்டில் மாதம் இரண்டு ஆகிறது. வெளிநாட்டுச் சரக்கு, விலை கட்டுப்படியாகவில்லை. மனைவியும் முணுமுணுக்கிறாள். பேபி ஆயில் ஊற்று, பைக் ஃபோர்க் ஆயில் ஊற்று என்கிறார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் இருக்கும் நண்பர் சிலிகானை இலவசமாகவே தருவதாகச் சொல்கிறார். எதை ஊற்றலாம்? இதற்கு நடுவில் என் பதினொரு வயதுப் பையன் பழைய ஆயிலை இருமல் மருந்து பாட்டில்களில் பிடித்து, தேதி எழுதி அலமாரியில் அடுக்குகிறான். இரண்டு தடவை எடுத்துக் கொட்டினேன். வேலை செய்யும்போது கிட்டே வராதே என்றும் சொல்லிவிட்டேன்.
- கோவை வாசகர்

பதில்: தம்பி, புறா வளர்ப்பவர், கேமரா வாங்குபவர், மீன்தொட்டி வைத்திருப்பவர் என்று எல்லோரும் எனக்கு எழுதுகிறார்கள். செலவைக் குறைக்க வழி சொல்லுங்கள், மனைவி வாயை அடைக்க வழி சொல்லுங்கள் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது கடைசி மூன்று வரிகளை.

பையன் பாட்டிலில் தேதி எழுதுகிறான் என்கிறீர்கள். எதற்காக என்று ஒரு முறையாவது கேட்டீர்களா? விளையாட்டுக்குச் சேர்ப்பவன் தேதி எழுத மாட்டான். போன வாரத்து ஆயிலுக்கும் இந்த வாரத்து ஆயிலுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க நினைப்பவன்தான் எழுதுவான். உங்கள் ஃபவுண்டரியில் ஒவ்வொரு உருக்குக்கும் மாதிரி எடுத்து ஹீட் நம்பர் போட்டு வைக்கிறீர்களே, அதை ஒருவன் எடுத்துச் சாக்கடையில் கொட்டினால் சும்மா விடுவீர்களா? அதே வேலையை வீட்டில் உங்கள் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்திருக்கிறான். நீங்கள் இரண்டு முறை கொட்டியிருக்கிறீர்கள்!

நீங்கள் கேட்ட கேள்விக்கு விடையும் அந்தப் பாட்டில்களில்தான் இருந்தது. ஷாக் ஆயில் சாம்பல் நிறமாவது ஆயில் கெட்டுப்போவதால் அல்ல. ஷாக்கின் அலுமினியக் குழாயும் பிஸ்டனும் உரசி உதிரும் பொடியும், ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே வரும் மண்ணும் அதில் கலக்கின்றன. ஷாக்கில் ஊற்றுவது சிலிகான் ஆயில், அது ஒரு வாரத்தில் கெடுகிற பொருளே அல்ல. வரிசையாக இருந்த பாட்டில்களை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். தெளிவாக இருந்திருந்தால், வாராவாரம் நல்ல ஆயிலை வீணாக்கியிருக்கிறீர்கள். ஒரே வாரத்தில் கறுத்திருந்தால் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது பிஸ்டனைத் தாங்கும் தண்டான ஷாஃப்டில் கீறல் விழுந்திருக்கிறது. அப்போது மாற்ற வேண்டியது ரிங்கும் ஷாஃப்டும். ஆயிலை எத்தனை முறை மாற்றினாலும் மறுபடி கறுக்கத்தான் செய்யும்.

போட்டிக்குப் போகிறவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள். நீங்கள் ஞாயிறு காலை மைதானத்தில் ஓட்டுகிறவர். ஆயில் கறுத்தாலோ, கசிந்தாலோ, ஷாக்கை அழுத்தும்போது விட்டுவிட்டுப் பிடித்தாலோ மாற்றுங்கள். அழுத்தினால் சளசளவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கும். ஆயில் போய்விட்டது என்று முடிவு கட்டி வடித்துவிடாதீர்கள். மூடியைத் திறந்து, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, ஷாக்கைப் பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். குமிழிகள் மேலே வந்து உடையும். குறைந்த அளவுக்குச் சில சொட்டு விட்டு மூடினால் முடிந்தது. ஓட்டி முடித்த கையோடு ஷாஃப்டைத் துணியால் துடைத்தாலே பாதி மண் உள்ளே போகாது.

நண்பர்கள் சொன்னவற்றில் எதுவும் வேண்டாம். பேபி ஆயில் மினரல் ஆயில். ஃபோர்க் ஆயிலும் பெரும்பாலும் பெட்ரோலிய வகைதான். ஷாக்கில் இருக்கும் ரப்பர் அவற்றில் ஊறி உப்பிவிடலாம். வெயிலில் அவை சிலிகானைவிட அதிகமாக இளகியும் போகும். சாயப்பட்டறைச் சிலிகான் துணிக்கு மென்மை தருவதற்குத் தண்ணீரில் கலந்து செய்த பால் போன்ற திரவம். அது ஷாக் ஆயிலே அல்ல.

மலிவாக வாங்க வழி இருக்கிறது. ரசாயனக் கடையில் பாலி டைமெத்தில் சிலாக்சேன் என்று கேளுங்கள், சிலிகான் ஆயிலின் ரசாயனப் பெயர் அது. 350 சென்டிஸ்டோக், 1000 சென்டிஸ்டோக் என்று தரம் சொல்லி விற்பார்கள், சென்டிஸ்டோக் என்பது ஆயிலின் கெட்டியை அளக்கும் அலகு. உங்கள் பாட்டிலில் வெயிட் என்று போட்டிருக்கும் எண்ணை நம்பி வாங்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீம் அசோசியேட்டட் என்ற ரிமோட் கார் கம்பெனியின் பாட்டிலில் 30 வெயிட் என்றால் 350 சென்டிஸ்டோக், 40 என்றால் 500. இன்னொரு கம்பெனியின் 40 அதே கெட்டியாக இருக்க வேண்டியதில்லை. சென்டிஸ்டோக் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். இரண்டைக் கலந்து நடுவில் ஒரு கெட்டியைக் கொண்டுவரலாம், ஆனால் கூட்டிப் பாதியாக்கும் கணக்கு இங்கே செல்லாது. 350ஐயும் 1000ஐயும் சரிபாதி கலந்தால் 675 வராது, 590ஐ ஒட்டி வரும். இரண்டு எண்களையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இப்போது கொட்டுகிற மாதம் 120 மில்லியைக் கணக்கில் வைத்து லிட்டர் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். வாராவாரம் மாற்றுவதை நிறுத்தினால் அவ்வளவு தேவைப்படாது. வாங்குவதானால் உங்களோடு ஓட்டுகிற நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மருந்து பாட்டில் விஷயத்தில் மட்டும் பையனிடம் கண்டிப்பாக இருங்கள். இருமல் மருந்து லேபிளோடு வேறொரு திரவம் வீட்டு அலமாரியில் இருக்கவே கூடாது. பெரியவர்கள் இரவில் கண்ணாடி போடாமல் எடுத்துக் குடித்துவிடுவார்கள். வேறு சிறு குப்பிகள் வாங்கிக் கொடுங்கள். தாம்பாளத்தை வைத்து அதன்மேல் வேலை செய்யுங்கள், சிலிகான் சிந்திய தரையில் கால் வழுக்கும். துடைத்தாலும் சீக்கிரம் போகாது. மனைவியின் முணுமுணுப்பில் பாதி இந்தத் தரைக்காகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

கிட்டே வராதே என்று பிள்ளையிடம் சொன்னதைத் திருப்பி வாங்கியாக வேண்டும். அப்பன் கையால் ஒரு வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது பிள்ளையின் உரிமை. அதைத் தடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. சிந்திவிடுவான் என்று பயப்படுகிறீர்களா? சிந்தட்டும், தாம்பாளம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாங்கித்தர முடியாத ஆர்வம் உங்கள் வீட்டு அலமாரியில் தானாக முளைத்திருக்கிறது. அதற்குப் பெயர் குப்பை என்றால், நீங்கள் ஓட்டும் காரும் எனக்குக் குப்பைதான்.

இந்த மாதம் புதுப் பாட்டில் வாங்க வேண்டாம். ஷாக்கை ஒருமுறை முழுதாகப் பிரித்து ரிங் மாற்றுங்கள், ஷாஃப்டை நகத்தால் தடவிக் கீறல் இருக்கிறதா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வாராவாரம் ஒரே ஒரு ஷாக்கை மட்டும் திறந்து, ஒரு சொட்டு எடுத்து அவன் குப்பியில் விட்டுத் தேதி போடட்டும். எப்போது மாற்ற வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பும் அவனுடையதாகவே இருக்கட்டும். எத்தனை ஞாயிறு தாங்கியது என்று அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம், அவனை எழுதச் சொல்லுங்கள்.